ஆறாவது படியை எத்தனை தடவை கழிச்ச?

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிசம்பர் 31 ராத்திரி நடக்கும் படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் என்று பஜனைக் குழுக்கள் பாடிக்கொண்டே ஏறும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் இதே படியில் நெரிசல்படும். நான் போனது அந்த மாதிரி நாளில் அல்ல. கூட்டமில்லாத ஒரு புதன்கிழமைச் சாயங்காலம், அடிவாரத்தில் ஒரு பூக்கடை ஓரமாக உட்கார்ந்து, மூன்று பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டேன்.

"ஒருத்தன் ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறுறான். இன்னொருத்தன் மூணு மூணு படியா ஏறுறான். ரெண்டு பேர் காலும் படாத படி மொத்தம் எத்தனை?"

மூவரில் இருவர் அக்கா தம்பி, பூக்காரம்மாவின் பிள்ளைகள். அக்கா எட்டாம் வகுப்பு, தம்பி ஐந்தாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்றாமவன் பக்கத்துத் தேங்காய்க் கடைப் பையன், அவனும் எட்டாம் வகுப்பு. கணக்கில் வகுப்பில் முதல் ஆள் என்று அவனே சொன்னான்.

அவன்தான் முதலில் முடித்தான். நோட்டின் பின்னட்டையில் வரிவரியாக ஸ்டெப் போட்டிருந்தான். ரெண்டு ரெண்டாக ஏறினால் 182 படி. மூணு மூணாக ஏறினால் 121. கூட்டினால் 303. 365இல் கழித்தால் 62. கீழே இரட்டைக்கோடு போட்டு விடையைக் கட்டமும் கட்டிவிட்டான். பரீட்சைத்தாள் திருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் அழகு.

தம்பிக்கு உட்கார்ந்து போடுவதெல்லாம் ஆகாது. படியில் ஓடிப்போய் ரெண்டு ரெண்டாகத் தாவினான். பிறகு தேங்காய்க் கடைப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "நீ மூணு மூணா வா" என்றான். கொஞ்ச தூரம் போனதும் மேலிருந்து கத்தினான்: "அக்கா, ரெண்டு பேரும் ஒரே படியில இடிச்சுக்கிறோம்!"

அக்கா அதற்குள் மல்லிகை மொட்டுகளை எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மொட்டு. ரெண்டாவது, நாலாவது, ஆறாவது மொட்டை எடுத்தாள். மூணாவதையும் எடுத்தாள். திரும்ப ஆறாவது இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்; அங்கே மொட்டு இல்லை. "இத முன்னயே எடுத்தாச்சு" என்று முணுமுணுத்தாள். மிச்சம் முதலாவதும் ஐந்தாவதும். "ஆறுக்கு ரெண்டு, சார். அறுபது ஆறு முந்நூத்தி அறுபது. அதுல நூத்தியிருபது படி. மேல அஞ்சு படி இருக்கு. அதுல முதலும் கடைசியும். நூத்தி இருபத்திரெண்டு."

62ஆ, 122ஆ? பையன் விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஸ்டெப்பை விரல் வைத்து மறுபடி படித்துக் காட்டினான். எல்லா வரியும் சரிதான், அதுதான் வேடிக்கை. அவள் அவன் நோட்டைப் பார்க்கவேயில்லை. தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஆறாவது படியை எத்தனை தடவை கழிச்ச?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். "ரெண்டு தடவை" என்றான் மெதுவாக. பிறகு தானாகவே நோட்டை வாங்கி, ரெண்டு பேரும் மிதிக்கிற படி 60 என்று எழுதி, 62உடன் கூட்டினான். 122.

இந்தக் காட்சியைப் பார்த்ததும் கல்வியியல் படித்த எவருக்கும் கை பரபரக்கும். தம்பி உடலால் கற்பவன், அக்கா கண்ணால் கற்பவள், தேங்காய்க் கடைப் பையன் எழுதிப் படித்துக் கற்பவன் என்று மூன்று சீட்டு எழுதி மூன்று சட்டையில் குத்திவிடலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் 1992இல் சொன்ன 'வார்க்' பகுப்பு இதுதான்: பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல். பி.எட். வகுப்பிலும் பணியிடைப் பயிற்சியிலும் 'கற்றல் பாணி' என்ற பெயரில் இது பாடமாக வருகிறது. எந்தப் பாணிக்காரப் பிள்ளைக்குக் கணிதத் தொடர்பாற்றல் அதிகம் என்று அளந்து பார்ப்பது ஆய்வேட்டுக்குப் பிடித்த தலைப்பு. இந்தோனேசியாவின் கல்வியியல் துறைகளில் இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கின்றன. கணிதத் தொடர்பாற்றல் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தான் போட்ட கணக்கை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் எழுதவும் வரையவும் தெரிவது. இன்னொருவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு எங்கே இடிக்கிறது என்று கேட்கத் தெரிவது.

சீட்டுக் குத்துவதில் ஒரு சிக்கல். 2004இல் இங்கிலாந்தில் ஃப்ராங்க் காஃபீல்டும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தபோதே இப்படிப்பட்ட பாணிப் பகுப்புகள் 71 தேறின. எதை எடுத்தாலும் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: கண் பாணிப் பிள்ளைக்குப் படமாகவும், காது பாணிப் பிள்ளைக்குப் பேச்சாகவும் கொடுத்தால் நன்றாகக் கற்கும். இது உண்மையானால் ஒரு சோதனையில் தெரிந்துவிட வேண்டும். கண் பாணிக்காரர்களில் பாதிப்பேருக்குப் படம், பாதிப்பேருக்குப் பேச்சு. காது பாணிக்காரர்களுக்கும் அப்படியே. கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. அவரவருக்குப் பொருந்தியதைப் பெற்றவர்கள் முன்னால் நிற்க வேண்டும். ஹெரால்ட் பாஷ்லர் தலைமையில் நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல் இந்த உரைகல்லை வைத்துக்கொண்டு அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டினார்கள். இப்படி முறையாகச் சோதித்தவையே அபூர்வம். சோதித்தவற்றில் சில நேர் எதிராகவே சொல்லின. நம்பிக்கை மட்டும் குறையவில்லை. 2014இல் பால் ஹோவர்ட் ஜோன்ஸ் தொகுத்த ஐந்து நாட்டு விவரப்படி, ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் இதை ஒப்புக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சோவியத் உளவியலாளர் க்ருதெத்ஸ்கி பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்குப் போடவைத்துப் பார்த்து, சிலர் சொல்லாலும் குறியாலும் போகிறார்கள், சிலர் உருவமாகப் பார்க்கிறார்கள், சிலர் இரண்டிலும் இழைகிறார்கள் என்று 1968இல் எழுதினார். நாட்டம் இருக்கிறது. அது பிறப்பிலேயே எழுதி ஒட்டிய ஜாதகம் இல்லை, அவ்வளவுதான். திருத்தணி அடிவாரத்திலேயே பார்த்தேன். அடுத்து, மூணுக்குப் பதில் ஐந்தைந்தாகத் தாவுகிறவனை வைத்துக் கேட்டேன். அக்கா மொட்டைத் தொடவில்லை. "பத்துக்கு நாலு" என்று வாயாலேயே சொன்னாள். தேங்காய்க் கடைப் பையன்தான் இந்தத் தடவை பத்துப் புள்ளி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேருக்கும் 146 வந்தது. எந்தச் சீட்டை எந்தச் சட்டையிலிருந்து கழற்றுவது?

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சாட்சி இராமானுஜன்தான். மேதைமைக்குச் சாட்சியாகவே அவரைக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். எனக்கு அவர் வேறொன்றுக்குச் சாட்சி: சொல்லத் தெரியாமல் தவித்ததற்கு.

கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்த புத்தகம் கார் என்பவர் தொகுத்தது. தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கிய கையேடு. நிறுவல் என்று பெரும்பாலும் ஒரு குறிப்புதான் இருக்கும். அந்த நடைதான் அவர் நடையாகவும் ஆயிற்று. காகிதம் விலை. அதனால் போடுவதெல்லாம் சிலேட்டில், அழிப்பது முழங்கையால். முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். வந்த வழி முழங்கைச் சட்டையில் தூளாக ஒட்டிக்கொண்டு போய்விட்டது. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்கள் பற்றி அவருடைய முதல் கட்டுரை வந்தது. அதை அச்சேற்றும் வடிவத்துக்குக் கொண்டுவர ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பட்ட பாடு கொஞ்சமல்ல; கட்டுரை பல தடவை போய்ப்போய் வந்தது. படிப்பவர் பின்தொடர முடியாத சுருக்கம் என்பதுதான் குறை.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்களாம். இராமானுஜன் பத்துப் படியைத் தாண்டி ஒரு படிக்குப் போய்விடுவார். எனக்கே புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும், கீழே இறங்கிவந்து நடுவில் உள்ள படிகளை எழுது என்று அவர் வற்புறுத்தியதாக இராமானுஜன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இராமானுஜனுக்கு அது வீண் வேலை. தனக்குத் தெளிவாகத் தெரிவதை எதற்கு எழுத வேண்டும்? நாராயண ஐயர் விடவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குப் போன கடிதத்துக்குப் பின்னால் இந்த இரவுகளும் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஹார்டிக்குக் கிடைத்ததும் முடிவுகளின் அடுக்குதான். அவரும் சக கணிதர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து, இது ஏமாற்றுக்காரன் வேலையல்ல என்று கண்டுகொண்டார்கள் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அடுத்த பகுதி. இராமானுஜன் போன பிறகும் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் அப்படியே இருந்தன. அமெரிக்கக் கணிதர் ப்ரூஸ் பெர்ன்ட் அவற்றின் ஒவ்வொரு முடிவுக்கும் நிறுவல் எழுதும் வேலையில் இறங்கி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஒருவர் முழங்கையால் அழித்ததை மற்றவர்கள் மறுபடி எழுத அத்தனை ஆண்டு பிடித்தது.

இராமானுஜனின் 'கற்றல் பாணி' எது? சிலேட்டில் விரல் ஓடியது, கண் பார்த்தது, குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் காட்டினாள் என்றும் அவர் சொல்வதுண்டு. எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது பாணிக்குப் பொருத்தமான பாடம் இல்லை. புரியவில்லை என்று எதிரே உட்கார்ந்து சொல்கிற ஓர் ஆள். பூக்கடைப் பெண் தேங்காய்க் கடைப் பையனுக்குச் செய்தது அதைத்தான்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அந்த ஆள் இருந்தாரா? இருந்தார், பாதி அளவுக்கு. பெருக்கலைப் பிற ஊரில் கட்டம் போட்டு எழுதி வைத்தார்கள். நாம் அதற்கு வைத்த பெயரே வாய்ப்பாடு. எண்சுவடியும் குழிமாற்றும் நெல்லிலக்கமும் வாயில் ஏறி உட்கார்ந்த கணக்கு. ஊரில் நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் அது போதும் என்றும், நினைவு என்பது அங்கே வெறும் நெட்டுரு அல்ல, அதுவே கற்கும் வழி என்றும் வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆனால் கணக்கதிகாரம் போன்ற நூல்களின் விதிகளைப் பாருங்கள். பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. ஏன் ஆறு, ஏன் ஐந்து? அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை.

திண்ணையில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் முறையை 1789 முதல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியில் பெரிய அளவில் நடத்திப் பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். மணலில் விரலால் எழுதும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் பள்ளிகளுக்குப் போயிற்று. ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டு நூறு பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் அங்கே எடுபட்டது. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

திருத்தணியில் இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் முறுக்கேறியது. இங்கே எந்த மொழியில் சொல்வது என்பதே ஒரு கேள்வி. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1959இல் வந்த சட்டத்தால் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை நகர்ந்தது, வீட்டுப் பேச்சு நகரவில்லை. தெலுங்குக் குடும்பத்தில் 1888இல் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே எழுத்தறிந்த இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளைத்தான் நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படித்தாக வேண்டும். நான் பார்த்த அக்காவும் தம்பியும் சண்டையைத் தெலுங்கில் போடுகிறார்கள், கணக்கைத் தமிழில். அக்காவைக் கூப்பிடுவது மட்டும் ரெண்டு மொழியிலும் அக்காதான்.

அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். நாலாம் வகுப்பில் டீச்சர் 'தொள்ளாயிரத்து முப்பது' எழுதச் சொன்னபோது, வகுப்பில் பாதிப்பேர் நாலு இலக்கம் போட்டார்களாம். இவள் வீட்டில் 'தொம்மிதி வந்தலு' என்று பழகியிருந்தாள், ஒன்பது நூறு. 930 சரியாக வந்துவிட்டது. தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று போகிறது. தொண்ணூறுக்குள் ஒரு நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஒரு ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. காதால் மட்டும் கேட்கிற குழந்தை ஆயிரம் என்றதும் நாலு இலக்கம் போட்டால் அது பிள்ளையின் மந்தமில்லை, மொழியின் குறும்பு. பத்து பத்துக் கட்டாகக் குச்சியைக் கட்டி, நூறுக் கட்டு ஒன்பதைக் கையில் கொடுத்தால் குழப்பம் தீரும். காது ஏமாற்றும் இடத்தில் கை வர வேண்டும். அது அந்தப் பிள்ளையின் பாணியைப் பார்த்து முடிவு செய்வதல்ல. தொள்ளாயிரத்தின் பாணியைப் பார்த்து முடிவு செய்வது.

மொழி உதவுகிற இடமும் உண்டு. முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கால் இருக்கிறது. தெலுங்கு முப்பாவும் அப்படித்தான், மூன்று பாவு. பாடநூலில் 'நான்கில் மூன்று' என்று படிக்கும்போது, முதலில் நான்காகப் பிரி, பிறகு மூன்றை எடு என்று செய்முறையே வந்துவிடுகிறது. 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அங்கே பிள்ளை 'த்ரீ பை ஃபோர்' என்கிறது. மேலே மூன்று, கீழே நாலு என்று எழுதியிருக்கிற இடத்தைச் சொல்கிறதே தவிர, பொருளைச் சொல்லவில்லை. ஆங்கிலவழி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 'த்ரீ பை ஃபோர்' என்கிற பிள்ளையை, அப்படியென்றால் என்ன என்று தமிழிலோ தெலுங்கிலோ ஒரு தடவை சொல்லவைக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கூடாது என்கிறேன்.

பூக்கடைக்குத் திரும்புவோம். ஒரு அம்மா வந்து மூன்றரை முழம் கேட்டார். முழம் 30 ரூபாய். பெண் முழங்கையில் அளந்துகொண்டே சொன்னாள்: "மூணு தொண்ணூறு, அரைக்குப் பதினஞ்சு, நூத்தி அஞ்சு." கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அம்மா போனதும் நோட்டில் 30 × 3.5 என்று எழுதிக் கொடுத்தேன். பென்சிலைக் கடித்தாள். 1050 என்று எழுதி, புள்ளியை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தாள். "இப்பதான சொன்ன?" என்றேன். "அது பூ, சார். இது கணக்கு."

இந்த ஒரு வரிக்கு உலக அளவில் ஆராய்ச்சி இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் பிள்ளைகளை, 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, டெரெசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் பார்த்தார்கள். விற்கும்போது கிட்டத்தட்ட எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது நூற்றுக்கு நாற்பதுகூடத் தேறவில்லை. 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு நம் நாட்டைப் பற்றியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழு டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தது. சந்தைக் கணக்கில் புலியாக இருந்தவர்கள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளோ பாடக் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் விழித்தார்கள். ரெண்டு பக்கமும் அறிவு இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை. 'மூணு தொண்ணூறு, அரைக்குப் பதினஞ்சு' என்று அவள் வாயால் சொன்னதை, 30 × 3 + 30 × ½ என்று அவளே எழுதிப் பார்த்திருந்தால் புள்ளிக்குப் பயப்படத் தேவையே இருந்திருக்காது. சொல்லிக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றாள், கொஞ்சம் கோபமாக.

இந்தப் பாலத்தைப் போட முயன்றவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் பழைய காகிதத்தையும் குச்சியையும் வைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கணக்குப் பேசவைத்தவர். இராமானுஜனின் கடிதங்களையும் அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித்தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டவரும் அவர்தான். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம். விடைக்கு வந்து சேருவது மட்டுமல்ல, உருவப்படுத்துவது, மதிப்பிடுவது, காரணம் காட்டுவது, கணிதத்தில் பேசத் தெரிவது எல்லாம் சேர்ந்ததுதான் கணிதம் என்று அந்த அறிக்கை சொல்லிற்று.

பக்கத்திலேயே இன்னொரு ஊற்று இருந்தது. திருத்தணி எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்துவந்ததோ அதே பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி பள்ளி. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும்தான், ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரி. 2007-08இல் அது தமிழகத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போயிற்று. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. டீச்சர் தரையில் உட்கார்ந்தார். குழுக்களில் சிலவற்றுக்கு ஆசிரியர் துணை, சிலவற்றுக்குச் சக மாணவரே துணை. கண், காது, கை எல்லாவற்றுக்கும் அட்டை இருந்தது. எல்லாப் பிள்ளையும் எல்லா அட்டையையும் தாண்டிப் போக வேண்டும், யாரையும் ஒரே வகை அட்டையில் நிறுத்திவைக்கவில்லை. அதை நான் அதன் பெரிய நியாயமாகப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளைகள் தனித்தனியாக அட்டையை முடித்து ஏணியில் ஏறுவதே குறியாயிற்று. அட்டையோடு பேசினார்கள், ஒருவரோடொருவர் பேசியது குறைவு. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் திருத்தணியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. கொரோனாவில் விட்டுப்போன அடிப்படையை மீட்கும் முயற்சி. அரும்பு, மொட்டு, மலர் என்று அதில் பிரித்தது பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து. அரும்பு நாளைக்கு மொட்டாகும். கண் பாணிக்காரன் நாளைக்கு என்ன ஆவான் என்று பாணிப் பகுப்பு சொல்வதில்லை.

மேல்வகுப்புக்குப் போனதும் இதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணிதத்தாளில் நூற்றுக்கு 16 மதிப்பெண் வடிவியல் வரைவதற்கும் வரைபடத்துக்கும். கடைசிப் பிள்ளையும் அதை வாங்கிவிட வேண்டும் என்று பள்ளிகள் ஜனவரி முதலே தொடுகோடு வரைவதை மனப்பாடமாக்குகின்றன. தேற்றமும் அப்படியே: கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று நாலு தலைப்பில் வரி மாறாமல் ஒப்பிக்கப்படுகிறது. என் காலத்திலும் அதுதான். நான் படித்த பள்ளியில் பிதாகரஸ் தேற்றத்தில் முக்கோணத்தின் எழுத்துகளை மாற்றிப் பெயரிட்டதற்காக ஒரு சார் என் தாளில் சைபர் போட்டார். நிரூபணம் சரியா என்று கேட்டேன். "புக்ல இருக்கிற மாதிரி இல்ல" என்றார். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. இந்த ஸ்டெப் ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்தால் அதற்கு மார்க் இல்லை. அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. கணக்கை ஒருவருக்கு வாய்விட்டு விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் வைத்தால் வானம் இடிந்துவிடாது.

தேங்காய்க் கடைப் பையனைப் பற்றி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் தொடர்பாற்றல் அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்குவான். வரி சுத்தம், குறியீடு சுத்தம், இரட்டைக்கோடு சுத்தம். பள்ளிக்கூடம் அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தன் வரியைத் தானே சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தது மொட்டு எடுத்து வைத்த ஒரு பெண். அவளுக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மேலிருந்து கத்திய தம்பியின் குரலுக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றுகிறது. கை, கண், எழுத்து மூன்றும் மூன்று ஆளிடம் இருந்தன. 122 மூவருக்கும் நடுவில் கிடைத்தது.

இருட்டத் தொடங்கியிருந்தது. நான் அரக்கோணம் பக்கம் போகும் ரயிலைப் பிடிக்க எழுந்தேன். தம்பி விடவில்லை.

"சார், மூணு பேரு ஏறினா? ஒருத்தன் ரெண்டு ரெண்டா, ஒருத்தன் மூணு மூணா, நான் அஞ்சஞ்சா."

தேங்காய்க் கடைப் பையன் நோட்டைத் திறந்தான். 182, 121, 73 என்று எழுதி, கூட்டல் குறி போடப்போன கையை நிறுத்தினான். அக்கா தட்டிலிருந்த மொட்டுகளைப் பார்த்தாள். மாலையில் கட்டியது போக மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

"ஆறு மொட்டுப் பத்தாது" என்றாள். "முப்பது வேணும்."

"ஏன் முப்பது?" என்றான் பையன்.

"மூணு பேரும் எங்க இடிச்சுக்குவீங்க?"

தம்பி அதற்குள் படியில் பாதி தூரம் ஓடிவிட்டான்.